பக்கத்தில் விமானம் இறங்குகிறது... நம் கல்லாவில் என்ன இறங்கும்?



மதிய வேளை. கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கிறது. பொட்டலம் மடித்துக்கொண்டோ, காலையில் எழுதிய கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டோ உட்கார்ந்திருக்கிறோம். தலைக்கு மேலே விசிறி இரைச்சலோடு ஒரு விமானம் தாழப் பறந்து லாஸ்பேட்டைப் பக்கம் இறங்குகிறது. கடைப் பையன் வெளியே ஓடிப்போய்ப் பார்க்கிறான். நாமும் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பொட்டலத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

இந்த விமானத்தால் நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நாம் விமானத்தில் ஏறுவதில்லை. நம் சரக்கும் விமானத்தில் வருவதில்லை. பருப்பும் எண்ணெயும் லாரியில் வருகின்றன. காய்கறி டெம்போவில் வருகிறது. ஆனாலும் வானூர் வட்டத்து வணிகர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. புதுவை விமான நிலையம் இருப்பது புதுவை எல்லைக்குள். அதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் நிலம் வரவேண்டியது நம் பக்கத்திலிருந்து. புதுவை அரசு பல ஆண்டுகளாகத் தமிழக அரசிடம் கேட்டு வந்திருப்பது விழுப்புரம் மாவட்டத்து நிலத்தைத்தான்.

ஆகவே, ஒரு கடையை விலைபேசும் வியாபாரி எப்படிக் கணக்குப் பார்ப்பாரோ, அப்படி இந்த விமான நிலையத்தையும் கணக்குப் பார்ப்பது நம் கடமை.

ஐந்து முறை திறந்த கடை

லாஸ்பேட்டை விமான தளத்துக்கு முதலில் வந்தது வாயுதூத். சிறு ஊர்களை விமானத்தால் இணைப்பதற்கென்று 1981-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்தின. 1980-களின் இறுதியில் 19 பேர் உட்காரும் சிறிய டார்னியர் விமானம் புதுவைக்கும் சென்னைக்கும் பறந்தது. சில வருடங்கள்கூட நிலைக்கவில்லை. 1993-ல் வாயுதூத்தையே இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் லாஸ்பேட்டையில் பயணிகள் விமானம் இல்லை. பெரிய தலைவர்கள் வந்தால் ஹெலிகாப்டர் இறங்கும். மற்ற நாளில் வெறிச்சோடிக் கிடக்கும். பிறகு ஓடுபாதையை 1,500 மீட்டராக நீட்டி, புதிய கட்டிடமும் கட்டினார்கள். 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விமானம் விட்டது. ஒரு வருடம் ஓடியது. 2014 தொடக்கத்தில் நின்றது.

மூன்றாவது முறை, 2015-ல் அலையன்ஸ் ஏர் வந்தது. அதே வருடத்திலேயே போயும்விட்டது.

நான்காவது முறை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின் கீழ் மறுபடியும் ஸ்பைஸ்ஜெட் ஐதராபாத்துக்குப் பறந்தது. அடுத்த வருடம் பெங்களூரும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கி, 2024 மார்ச் மாதக் கடைசியில் அதுவும் நின்றுபோனது.

ஐந்தாவது முறை, 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ நிறுவனம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவை தொடங்கியது. நம் பகுதி வணிகர்களுக்கு அந்த டிசம்பர் நன்றாக நினைவிருக்கும். நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து விழுப்புரம் மாவட்டத்தையும் புதுவையையும் வெள்ளக்காடாக்கியது. நனைந்த மூட்டைகளை வெயிலில் காயவைத்து, நஷ்டக் கணக்கு எழுதி முடிக்கவில்லை. அதற்குள் தலைக்கு மேலே விமானம் வந்துவிட்டது!

ஒரு கடைவீதியில் ஒரே கடை ஐந்து முறை திறந்து, அதில் நான்கு முறை மூடியிருந்தால் நாம் என்ன கேட்போம்? கடைக்காரர் சரியில்லையா, சரக்கு சரியில்லையா, அல்லது இடம் சரியில்லையா என்று கேட்போம். அதையேதான் இங்கும் கேட்க வேண்டும்.

விமான இருக்கை என்பது கீரைக்கட்டு

விமானத் தொழிலைப் புரிந்துகொள்ள நமக்குப் படிப்பு தேவையில்லை. கீரை விற்றவர்களுக்கு அது தானாகப் புரியும். துவரம்பருப்பு இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். கீரைக்கட்டு இன்று மாலைக்குள் விற்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும். விமான இருக்கையும் அப்படித்தான். கதவை மூடி விமானம் கிளம்பிய நிமிடத்தில், காலியாக இருக்கும் இருக்கையின் விலை பூஜ்யம். ஆனால் எரிபொருள், விமானி சம்பளம், விமானத்தின் குத்தகைப் பணம் எல்லாம் நிறைந்த விமானத்துக்கும் காலி விமானத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரிய விமானத்தில் இந்தச் செலவு 180 பேர் தலையில் பிரிந்து விழும். சிறிய விமானத்தில் 70, 80 பேர் தலையில் விழும். ஆகவே தலைக்கு அடக்கவிலை கூடுகிறது. அப்படியானால் பெரிய விமானத்தையே புதுவைக்கு விடலாமே என்றால், அங்கேதான் ஓடுபாதை குறுக்கே நிற்கிறது.

இப்போது வரும் ஏ.டி.ஆர். 72 ரக விமானம், பயணிகளோடும் எரிபொருளோடும் சேர்த்து அதிகபட்சம் 23 டன். நம் கடைவாசலில் வந்து நிற்கும் பத்துச் சக்கர லாரி சுமையோடு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்த விமானம் கிளம்ப சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை போதும். சென்னைக்கு வந்துபோகும் ஏர்பஸ் 320 போன்ற விமானமோ ஏறக்குறைய 78 டன். அதற்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதல் நீளம் கேட்கும். காற்று சூடானால் லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும். அதே எடையைத் தூக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். நீளம் இல்லாவிட்டால் சில இருக்கைகளைக் காலியாக விட்டு எடையைக் குறைத்துத்தான் கிளம்ப முடியும். சித்திரை வெயிலில் 1,500 மீட்டர் ஓடுபாதை என்பது பெரிய வண்டிக்குச் சிறிய சந்து.

இரண்டாவது காரணம் இடம். திண்டிவனத்திலிருந்து சென்னை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நல்ல நால்வழிச் சாலை. விழுப்புரம் ஜங்ஷனில் பகலும் இரவும் ரயில். டில்லிக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் மீனம்பாக்கத்துக்குக் கார் வைத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே நாள் முழுதும் பல விமானங்கள். ஒன்று போனால் மற்றொன்று. இங்கே ஒன்றிரண்டு. பெரிய சந்தைக்குப் பக்கத்தில் கடை போட்ட சிறு கடைக்காரரின் கஷ்டத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது புதுவைக்கு மட்டும் வந்த கஷ்டமல்ல. சேலம் விமான நிலையத்தைப் பாருங்கள். 1993-ல் திறந்து சீக்கிரமே நின்றது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்து போனது. 2018-ல் ட்ரூஜெட் வந்தது. சில வருடங்களில் அதுவும் நின்றது. 2023-ல் மறுபடி சேவை தொடங்கியது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். 1978-ல் அங்கே விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை நீக்கியபோது, கம்பெனிகள் சிற்றூர்களைக் கைவிட்டுவிடும் என்று அரசுக்கே பயம் வந்து, சிற்றூர் விமானங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அந்த மானியம் தற்காலிகம் என்றுதான் ஆரம்பித்தார்கள். நாற்பது வருடம் கடந்தும் நிறுத்த முடியவில்லை.

நம் நாட்டு 'உடான்' திட்டமும் அதே வழிதான். 2016-ல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா - டில்லி விமானத்தோடு தொடங்கினார்கள். விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகளை, ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ. 2,500 என்ற அளவில் கம்பெனி விற்க வேண்டும். அதனால் விழும் துண்டுக்கு மூன்று வருடம் அரசு பணம் தரும். பெருநகர வழிகளில் பறக்கும் விமானங்களிடம் தலைவரி போல ஒரு தொகை வசூலித்து அந்தப் பணத்தைத் திரட்டுகிறார்கள். அந்த வழியில் மூன்று வருடம் வேறு கம்பெனி போட்டிக்கு வராது.

மூன்று வருடத்துக்குள் வாடிக்கை பிடித்துக்கொண்டால் பிழைப்பு. இல்லையென்றால் மானியம் நின்றதும் கடையைச் சாத்த வேண்டியதுதான். புதுத் தெருவில் முதல் வருட வாடகையை மாமனார் கட்டினார் என்பதற்காகக் கடை நிலைத்துவிடுமா?

நம் பக்கம் வருவது எவ்வளவு?

இனி நம் கல்லாவுக்கு வருவோம். ஒரு ஏ.டி.ஆர். விமானத்தில் 78 இருக்கைகள். பெங்களூரிலிருந்து ஒன்று, ஐதராபாத்திலிருந்து ஒன்று. இரண்டும் தினமும் நிறைந்து வருவதாகவே வைத்துக்கொள்வோம். வந்திறங்குவது 156 பேர். அதாவது மூன்று டவுன் பஸ் கூட்டம்கூட இல்லை! திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் பஸ் ஏறும் கூட்டத்தை ஒருநாள் நின்று எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

அந்த 156 பேரிலும் பாதிக்கு மேல் நம் ஊர்க்காரர்களே திரும்பி வருகிறவர்களாக இருப்பார்கள். மீதிப்பேர் புதுவையில் தங்க வருகிறவர்கள். அவர்கள் நம் கடைக்கு நேராக வந்து அரைக்கிலோ ரவை வாங்கப் போவதில்லை.

ஆனால் அவர்கள் சாப்பிடுவார்கள். தங்கும் இடத்தில் காபி குடிப்பார்கள். ஊர் திரும்பும்போது ஏதாவது வாங்கிப் போவார்கள். அந்த வழியாகத்தான் நம் கல்லாவுக்குப் பணம் வர முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தொடங்கி, 1968-ல் உருவான ஆரோவில் சுற்றுவட்டாரம் வரை எத்தனையோ விடுதிகளும் உணவகங்களும் இருப்பது வானூர் வட்டத்து மண்ணில்தான். அவர்களுக்கு அரிசி, எண்ணெய், பால், காய்கறி, தண்ணீர் கேன் கொடுப்பது யார்? நாம் கொடுக்கிறோமா, அல்லது புதுவை மொத்தக் கடைகள் கொடுக்கின்றனவா?

ஒரு காலத்தில் நமக்கு ஒரு காரணம் இருந்தது. புதுவையில் விற்பனை வரி குறைவு. அதனால் வாடிக்கையாளர் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்று சொன்னோம். அது உண்மையும்கூட. ஆனால் 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நாம் விற்கும் மளிகைக்கு எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே வரி. இனி அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விடுதிக்காரர் நம்மிடம் வாங்காததற்குக் காரணம் வேறு: முறையான பில் வேண்டும், சொன்ன நேரத்துக்குச் சரக்கு வேண்டும், ஒரே தரம் வேண்டும். இந்த மூன்றையும் கொடுக்கிறவருக்கு, விமானம் வந்தாலும் வராவிட்டாலும் வியாபாரம் உண்டு. விமானத்தை நம்பிக் கடையைப் பெரிதாக்கியவருக்கு, விமானம் நின்றால் பாக்கி கடன்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

இதுவரை சொன்னது வரவு. இனி செலவுப் பக்கம். இதைத்தான் நம் உறுப்பினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஓடுபாதையை நீட்டினால்தான் பெரிய விமானம் வரும். பெரிய விமானம் வந்தால்தான் நிலையம் தன் காலில் நிற்கும் என்பது விமான நிலையத்தார் சொல்லும் நியாயம். மேலே பார்த்த கணக்குப்படி அதில் தவறும் இல்லை. ஆனால் நீட்டுவதற்கு நிலம் வேண்டும். விமானம் வரும், போகும். ஐந்து முறை பார்த்துவிட்டோம். ஆனால் போன நிலம் திரும்பி வராது. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

நிலம் கொடுத்தவருக்கு நஷ்டஈடு கிடைக்கும். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. சந்தை மதிப்பைக் கிராமப்புறமானால் ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதற்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகவும் சேர்த்துத் தர வேண்டும்.

ஆனால் அந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் கதி என்ன?

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிராமத்தில் ஒரு மளிகைக் கடை, வாடகைக் கட்டிடம். வாடிக்கை 60 குடும்பம். குடும்பத்துக்கு மாதம் ரூ. 4,000 என்றால் மாத விற்பனை ரூ. 2,40,000. நூற்றுக்கு எட்டு ரூபாய் நின்றால் ரூ. 19,200. இதில் வாடகை, கரண்டு, பையன் சம்பளம் போக மிச்சம்தான் குடும்பத்துக்கு. கடன் நோட்டில் எப்போதும் ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் பாக்கி நிற்கும். நிலம் போனால் அந்த 60 குடும்பமும் நாலாபக்கம் சிதறும். பணம் வாங்கியவர் டவுனுக்குப் போவார். நிலமில்லாத கூலிக்காரர் வேலை தேடி வேறு ஊர் போவார். போகிற அவசரத்தில் பாக்கியைக் கட்டிவிட்டுப் போகிறவர் எத்தனை பேர்?

நிலத்துக்குப் பட்டா உண்டு. வீட்டுக்குப் பத்திரம் உண்டு. இருபது வருடம் உழைத்துச் சேர்த்த வாடிக்கைக்கு எந்த ஆபீஸில் பட்டா கொடுப்பார்கள்?

சட்டம் சிறு வியாபாரியை அடியோடு மறந்துவிடவில்லை. நிலமே இல்லாவிட்டாலும், நிலம் எடுக்கும் பகுதியில் மூன்று வருடம் தொழில் செய்து அதையே பிழைப்பாகக் கொண்ட வாடகைதாரர், கூலிக்காரர், கைவினைஞர் ஆகியோரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் அது கொண்டுவருகிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சிறு வியாபாரிகளுக்கென்றே ஓர் இனம் இருக்கிறது. இடம்பெயர நேரிடும் கைவினைஞர், சிறு வியாபாரி, சுயதொழில் செய்பவர் குடும்பத்துக்கு ஒருமுறை உதவித்தொகை, குறைந்தபட்சம் ரூ. 25,000.

மேலே போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்து மளிகைக் கடையின் ஏறக்குறைய நாற்பது நாள் மொத்த லாபம்தான் இந்தத் தொகை. கடன் நோட்டுப் பாக்கியில் கால் பங்கு! இது குறைந்தபட்சம்தான், கூடுதலாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அப்படி அறிவிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது யார்? நாம்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடையும் நிலம் எடுக்கும் எல்லைக்குள் இருந்தால்தான் இந்த உதவியும். வேலிக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் வாடிக்கையாளர் வீடு என்றால்? வாடிக்கை போய்விடும், கடை மட்டும் நிற்கும். அந்த வியாபாரிக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. ஊரில் கலகலவென்று நடந்த கடை சத்தமில்லாமல் மூடிப்போகும். பத்திரிகையிலும் அது செய்தியாக வராது.

வேலிக்கு வெளியே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு இரண்டு சங்கதிகளும் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டிடம் உயர்த்துவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட பகுதிகளில் விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று இல்லாமல் மாடி மேல் மாடி கட்ட முடியாது. மேலும், விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் திறந்த வெளியில் ஆடு மாடு அறுப்பதற்கும், பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டுவதற்கும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளே தடை போட்டிருக்கின்றன. பருந்தும் காகமும் இயந்திரத்தில் சிக்கினால் விமானத்துக்கே ஆபத்து என்பதுதான் காரணம். லாஸ்பேட்டையை நடுவாக வைத்துப் பத்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் வானூர் வட்டத்தின் கணிசமான பகுதி உள்ளே வந்துவிடும். காய்கறிக் கடைக்காரர்களும் கறிக்கடைக்காரர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

"வருமுன் காப்போன்" என்பது வணிகனுக்கே பொருந்தும் சொல். நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று யாரும் பதற வேண்டாம். எடுக்கவே மாட்டார்கள் என்று தூங்கவும் வேண்டாம். எது நடந்தாலும் நமக்கு உதவக்கூடிய காரியங்கள் சில:

1. வாடகைக் கடைக்காரர்கள் எழுத்து மூலம் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் இருபது வருடம் ஓட்டியிருந்தாலும், நாளை அதிகாரி முன்னால் நிற்கும்போது காகிதம்தான் பேசும். வாடகை ரசீது, கரண்டு பில், ஊராட்சி அல்லது நகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூன்று வருடத்துக் காகிதம் கையில் இருக்கட்டும்.

2. சொந்த இடம் வாங்குகிறவர்கள் பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பகுதியில் பதிவான பத்திரங்களின் விலையை வைத்துத்தான் நிலம் எடுப்பில் மதிப்புப் போடுகிறார்கள். இன்று முத்திரைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது, நாளை நமக்கும் பக்கத்து நிலக்காரருக்கும் சேர்த்து நஷ்டமாக முடியும்.

3. 'ஏர்போர்ட் வரப்போகிறது' என்ற பேச்சை நம்பி அதிக அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்காதீர்கள். வட்டிக்கு வாங்கி மனை போடாதீர்கள். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் லாபம் பார்ப்பவர் தரகர்தான். கடைசியில் மாட்டிக்கொள்பவர் கடைக்காரர்.

4. கடன் நோட்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஊர் இடம்பெயரும் என்ற நிலை வந்தால் புதுக் கடனை நிறுத்துங்கள். பழைய பாக்கியைத் தவணையாகவாவது வசூலியுங்கள். பாக்கிதாரரிடம் முகம் கொடுத்துப் பேசி, கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொள்வது உறவையும் காக்கும், பணத்தையும் காக்கும்.

5. நிலம் எடுப்பு அறிவிப்பு வந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே இருக்கிறது. சட்டத்துக்குத் தக்கபடி விசாரணை முறை மாறும். 2013-ஆம் ஆண்டுச் சட்டமென்றால் சமூகத் தாக்க ஆய்வும், பாதிக்கப்படும் ஊரிலேயே பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடக்க வேண்டும். முதல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தரலாம். 61-வது நாள் வருகிறவருக்குச் சட்டம் கதவு திறக்காது.

6. விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சரக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் நாலைந்து பேராகச் சேருங்கள். ஒருவர் அரிசி, ஒருவர் காய்கறி, ஒருவர் பால் என்று பிரித்துக்கொண்டு ஒரே வண்டியில் அனுப்பினால் புதுவை மொத்தக் கடைக்கு ஈடுகொடுக்கலாம். நம் பகுதியில் விளையும் முந்திரியையும் நிலக்கடலையையும் சுத்தம் செய்து, எடை, விலை, தயாரித்த தேதி, பதிவு எண் அச்சிட்டுச் சிறு பாக்கெட்டாகக் கொடுத்தால் ஊர் திரும்பும் பயணி வாங்குவார். இதற்கு விமானம் பெரிதாக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

சங்கம் கேட்க வேண்டியவை

நாம் விமான நிலையத்துக்கு விரோதிகள் அல்ல. அவசர நோயாளியை ஏற்றிச் செல்ல, வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளைகள் வந்துபோக, புயல் வெள்ளக் காலத்தில் உதவி வந்து இறங்க, பக்கத்தில் ஒரு விமான தளம் இருப்பது நல்லதே. நாம் கேட்பது கணக்கு. அதுவும் நிலம் போன பிறகு அல்ல, போகும் முன்பு.

எத்தனை ஏக்கர், எந்தெந்தக் கிராமம், எந்தெந்தச் சர்வே எண் என்பதைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். எந்தச் சாலை அடைபடும், அதற்கு மாற்றுச் சாலை எது, ஏரிக்கு வரும் வாய்க்கால் எதுவும் மறிபடுமா என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு சாலை அடைபட்டால் அந்தச் சாலையை நம்பிய அத்தனை கடையும் அடைபட்டதாகத்தான் அர்த்தம்.

கடைகளைத் தனியே கணக்கெடுக்க வேண்டும். வீடு, நிலம், மரம், கிணறு எல்லாம் கணக்கெடுக்கிறார்கள். கடையை ஒரு கட்டிடமாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதற்குள் நடக்கும் தொழிலை எழுதுவதில்லை. வாடகைக் கடைக்காரர்களின் பெயர் பட்டியலில் வர வேண்டும். வேலிக்கு வெளியே நின்று வாடிக்கையை இழக்கும் கடைகளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். ரூ. 25,000 என்ற குறைந்தபட்சத் தொகையை இன்றைய விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தி அறிவிக்க வேண்டும். நிலையத்தின் உள்ளேயும் வாசலிலும் கடைகள் ஏலம் விடும்போது, இடம்பெயர்ந்த வியாபாரிகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

இவற்றைத் தனித்தனியே போய்க் கேட்டால் மனு வாங்கி மேஜையில் வைத்துவிடுவார்கள். சங்கமாகப் போய்க் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாளைக்கும் மதிய வேளையில் தலைக்கு மேலே விமானம் வரும். கடைப் பையன் வெளியே ஓடிப்போய்ப் பார்க்கட்டும். சின்ன வயது, ஆசை இருக்கும். நாம் அந்த நேரத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்து, வாடகை ஒப்பந்தமும் மூன்று வருட ரசீதும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். இல்லாதவர்கள் இந்த வாரமே வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

எடை போடாமல் எதையும் வாங்காதவன்தான் வியாபாரி. விமான நிலையமானாலும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒற்றுமையே நம் பலம்!